ஆறு தோட்டாவும் ஓர் எதிரியும்

ஆகஸ்ட் 4

இன்று காலை காப்பிக்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன். உறை பழுப்பு நிறம்தான். கறுப்பு காவல்துறைக்கு உரியது. சினிமா வில்லன்களுக்கும் பொருந்தும். சொந்தமாகக் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒரு மனிதனின் வேட்டிக்கும் வயதுக்கும் பழுப்பே தகும். பல வாரங்களாக மனத்தை அரித்த விஷயம் இது. தீர்ந்ததும் ஒரு தெளிவு பிறந்தது. அதைப் பதிவு செய்யவே இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன். பின்னாளில் கோமதிநாயகம் என்பவர் எப்படி வாழ்ந்தார் என்று ஆராய்பவர்களுக்கு இந்தத் தேதி உதவும்.

என் மனைவி பிரமுவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு உறை?"

"துப்பாக்கிக்கு."

"துப்பாக்கி எங்க இருக்கு?"

"வாங்கணும்."

"லைசென்சு?"

"அதுவும் வாங்கணும்."

"அப்ப இப்போதைக்கு உறைக்குள்ள மூக்குக் கண்ணாடியப் போட்டு வைங்க. தெனம் தேடுதீங்கள்லா" என்றாள்.

பெரிய முடிவுகளைத் தனியாகத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எனக்கு இரண்டு இலை தள்ளி ஓர் அரிசி ஆலைக்காரர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கைத்துப்பாக்கி. கேட்காமலேயே அவருக்கு இரண்டாம் முறை பாயசம் வந்தது. எனக்குக் கேட்டும் வரவில்லை. இதற்கும் என் முடிவுக்கும் தொடர்பில்லை. தற்காப்பு ஒரு குடிமகனின் கடமை.

ஆகஸ்ட் 9

பிரமுவின் தம்பி உலகநாதன் வந்தான். வக்கீல். கோர்ட்டில் அவன் வாதாடிக் கேட்டவர்கள் குறைவு. சாப்பாட்டு மேசையில் கேட்டவர்கள் அதிகம்.

"துப்பாக்கி கெடைக்கும் அத்தான். சிக்கல் இல்ல. ஆனா யாராச்சும் உங்களக் கொல்லப் பாக்கணும்."

"யாரு?"

"அத நீங்கதான் சொல்லணும். உயிருக்கு ஆபத்துன்னு காட்டாம லைசென்சு தர மாட்டாங்க. வெறும் மனுவும் பத்தாது. ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். வேணும். இன்னாரு கொல மெரட்டல் விட்டாருன்னு பேரோட இருக்கணும்."

"பொதுவான ஆபத்து போதாதா? சமூகம் கெட்டுப் போச்சு..."

"சமூகத்துக்குச் சம்மன் அனுப்ப முடியாதே அத்தான்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது தோசையைக் கேட்டான்.

ஆகஸ்ட் 17

ஒரு வாரமாக எனக்கு ஏற்ற எதிரியைத் தேடுகிறேன்.

முதலில் நினைவுக்கு வந்தவன் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஏ.சி. மண்டபம் கட்டியிருப்பவன். ஆனால் அவன் என்னைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் இரண்டு முகூர்த்த சீசன் பொறுத்தால் போதும். அடுத்து வார்டு கவுன்சிலர். அவனைப் பற்றி நான் எழுதாத புகார் இல்லை. ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே டீ வாங்கித் தருகிறான். மூன்றாவது, என் சித்தப்பா மகன். தோப்பு வழக்கில் என்னை ஜெயித்தவன். வருடந்தோறும் அதே தோப்பிலிருந்து எனக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்புகிறான். இதைவிடக் கொடிய செயலை அவனால் செய்ய முடியும் என்று தோன்றவில்லை.

இத்தனை ஆண்டுகள் கொள்கையோடு வாழ்ந்திருக்கிறேன். என்னைக் கொல்ல நினைக்கும் அளவுக்கு ஒருவனும் இங்கே வளரவில்லை. ஊரின் தரம் இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18

எதிரி கிடைத்துவிட்டான்.

இசக்கியப்பன் வழக்கம்போல் நாலு மணிக்குக் காப்பிக்கு வந்தான். என் மண்டபத்துச் சமையல் மாஸ்டர். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். மனைவி இறந்து, ஒரே மகள் முத்துச்செல்வியும் கல்யாணமாகி மஸ்கட் போன பிறகு தினமும் வருகிறான். என் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு அதைக் குறை சொல்வான். அவன் வராத நாட்களில் வேறு யாரும் வருவதில்லை. அதனால் படிக்க நேரம் கிடைக்கும்.

"என்ன அண்ணாச்சி, மொகம் தாளிக்காத ரசம் மாதிரி கெடக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். புரையேறும்வரை சிரித்தான்.

"அம்புட்டுத்தானா? என் பேர எழுதுங்க."

"நீரா?"

"ஏன், எனக்கு என்ன கொறச்ச? நாலு தெருவுக்குக் கேக்குற தொண்டை. கையில எப்பவும் அருவா நீளத்துக்குக் கரண்டி. போன கோயில் கொடைக்கு உங்களக் கொன்னு போடுவேன்னு மைக்குலயே சொல்லியிருக்கேன்."

"அது சாம்பாருக்கு உப்பு போட்டது யாருங்கற தகராறுவே."

"போலீசுகிட்ட உப்புன்னு எதுக்குச் சொல்லணும்? உங்க பேங்குக் கடனுக்கு நான் ஜாமீன் போடலையா? அது மாதிரி இதுவும் ஒரு கையெழுத்து. கொல மெரட்டல் விட்ட மாஸ்டர்னு தெரிஞ்சா எனக்கும் லாபம்தான். பொண்ணு வீட்டுக்காரன் அப்பளம் பத்தலன்னு வாயத் தொறப்பானா?"

பிரமு உள்ளேயிருந்து, "அண்ணே, இது வெளையாட்டு இல்ல. கேசு" என்றாள்.

"மைனி, இவரு கையில துப்பாக்கி குடுக்கதே வெளையாட்டுதான்" என்றான்.

படிப்பு குறைந்தவர்களுக்குச் சட்டத்தின் கனம் தெரிவதில்லை. ஆனாலும் சம்மதித்தேன்.

செப்டம்பர் 2

ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இளைஞர். "என்ன சொல்லி மிரட்டினான்?" என்றார்.

"'உன் உயிரை மாய்த்துவிடுவேன்' என்றான்."

பேனாவைக் கீழே வைத்தார். "சார், இந்த ஜில்லாவுல இப்படி யாரும் மிரட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, தம் சொந்தச் சொற்களில் எழுதினார். என்னையும் என் தாயாரையும் பற்றிச் சில விவரங்கள் அதில் இருந்தன. படித்தபோது எனக்கே வியர்த்தது. கையெழுத்திட்டேன்.

செப்டம்பர் 3

விசாரணைக்குப் போன இசக்கி ஸ்டேஷனில் பிரமாதமாக நடித்தானாம். ஏட்டு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, மகன் கல்யாணத்துக்குச் சமையல் பேசியிருக்கிறார்.

செப்டம்பர் 20

உலகநாதன் வந்து கண்டித்தான். "எதிரி தெனம் நாலு மணிக்கு வந்து காப்பி குடிச்சா கேசு எப்படி அத்தான் நிக்கும்? விசாரிக்க வர்றவன் பாத்தா என்ன நெனப்பான்?"

இனி இசக்கி பின்வாசல் வழியாக வருவது என்று ஏற்பாடு. கிணற்றடியைச் சுற்றி, வாழைக்கு நடுவே குனிந்து வருகிறான். அவனுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. நான் ஒன்றைக் கவனித்தேன். பின்வாசல் வழியாக வருகிறவனைப் பார்த்தால் பின்வாசலுக்கே உரியவன் போலத்தான் தெரிகிறது.

அக்டோபர் 11

மதுரையில் துப்பாக்கிக் கடை. லைசென்ஸ் வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்வது விவேகம்.

நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்கு அனுமதிக்கும் கைத்துப்பாக்கிகளில், பாயிண்ட் முப்பத்திரண்டு அளவுதான் தற்காப்புக்கு வாங்கப்படுகிறது. அதில் இரண்டு வகை. ரிவால்வரில் உருளை சுற்றும், ஆறு தோட்டா. பிஸ்டலில் கைப்பிடிக்குள் ஒரு பெட்டி, எட்டுத் தோட்டா. ரிவால்வரில் தோட்டா சிக்காது, ஆனால் இடுப்பில் புடைக்கும். பிஸ்டல் தட்டையானது; ஆனால் நேரத்துக்குச் சிக்கிக்கொள்ளலாம். ஆக, கேள்வி இதுதான்: ஆறா, எட்டா?

ஒரு மாதமாக அமெரிக்கர்கள் எழுதுவதைப் படித்து வருகிறேன். அங்கே பால் வாங்கப் போகிறவன்கூடப் பதினைந்து தோட்டா போதுமா என்று கவலைப்படுகிறான். உபரியாக ஒரு பெட்டியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாலைக் கையில் தூக்கி வருகிறான். சிந்திக்கத் தெரிந்த சமுதாயம்.

கடைக்காரர் காதர் மொய்தீன் என்ற பெரியவர். அவரிடம் கேள்வியை முன்வைத்தேன்.

"எத்தன பேரு சார் வருவாய்ங்க?"

"ஒருத்தன்."

"என்ன வயசு?"

"அம்பத்தேழு."

"வேகமா ஓடி வருவானா?"

"முழங்கால் வலி உண்டு."

சற்று யோசித்தார். "அப்ப ரெண்டு குண்டு போதுமே சார்" என்றார்.

வியாபாரம் தெரியாத மனிதர்.

அக்டோபர் 12

எட்டு நிராகரிக்கப்பட்டது. என் பிறந்த தேதி இருபத்தாறு. கூட்டினால் எட்டு. எட்டு சனியின் எண். எனக்கு எண் கணிதத்தில் நம்பிக்கை கிடையாது. அதை நம்புகிறவர்களைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயமும் கிடையாது. ஆனால் எட்டு வேண்டாம்.

காதர் மொய்தீனுக்குப் போன் செய்தேன். "ஏழு மட்டும் போட்டு வச்சுக்கங்க சார். ஒரு எடம் காலியா இருக்கட்டும்" என்றார். அனுமதிக்கப்பட்ட இடத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஆகவே ஆறு. ரிவால்வர்.

நவம்பர் 6

இசக்கி இன்று காப்பியைக் குறை சொல்லாமல் குடித்தான். மகள் உண்டாகியிருக்கிறாளாம். முதல் தடவை தங்கவில்லை. இந்தத் தடவை கட்டிலை விட்டு அதிகம் இறங்கக்கூடாது என்றும், விமானத்தில் ஏறவே கூடாது என்றும் மஸ்கட் டாக்டர் சொல்லியிருக்கிறார். மருமகனுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை. மாதத்தில் பாதி நாள் பாலைவனத்தில் இருப்பான். அவனுடைய தாயார் இங்கே படுத்த படுக்கை.

"நான்தான் போகணும் அண்ணாச்சி. அவ அம்மா இருந்தா அவ போயிருப்பா. நான் போயி ஆக்கிப் போட்டு, தண்ணி எடுத்துக் குடுத்து, புள்ளயக் கையில வாங்கிட்டுத்தான் திரும்பணும். பாஸ்போர்ட்டுக்குப் போடணும்."

"ஊருக்கே சமைச்ச கை. மகளுக்குச் சமைக்கக் குடுத்து வைக்கணும்" என்றாள் பிரமு. இசக்கி மூக்கை உறிஞ்சினான். மிளகாய்ப் புகை பழகிய மனிதன். சாதாரணமாக அவன் கண் கலங்காது.

கார்த்திகையிலும் தையிலும் மண்டபத்தில் ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டுப் பாஸ்போர்ட் வேலையைப் பார்க்கும்படி சொன்னேன். சரி என்றான். அவனிடம் உள்ள சில நல்ல குணங்களில் கடமையுணர்ச்சியும் ஒன்று.

டிசம்பர் 15

ஜில்லா அலுவலகத்தில் நேர்காணல். அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மிரட்டல் இன்னும் இருக்கா?"

"இருக்கிறது."

"அந்த ஆளு இப்ப எங்க?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த ஆள் எதிர் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தான். மண்டபத்து வேனில் என்னைக் கூட்டி வந்ததே அவன்தான். "சுதந்திரமாகத் திரிகிறான்" என்றேன். அது பொய்யில்லை.

அதிகாரி கையெழுத்திட்டார். திரும்பும்போது எனக்கும் இரண்டு வடை பொட்டலம் கட்டி வைத்திருந்தான். ஆறியிருந்தன.

ஜனவரி 3

வாங்கிவிட்டேன். ரிவால்வர், ஆறு தோட்டா. ஒரு நேரத்தில் இருபத்தைந்து தோட்டா வைத்துக்கொள்ள அனுமதி.

பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகு காதர் மொய்தீன் சொன்னார்: "சுத்தியலுக்கு நேரா இருக்குற அறைய மட்டும் காலியா வச்சுக்கங்க சார். தவறிக் கீழ விழுந்தா வெடிச்சிடக் கூடாதுல்ல. உங்க வயசுக்கு அதுதான் நல்லது."

ஆக, ஐந்து. எட்டில் தொடங்கி ஐந்து மாத ஆராய்ச்சிக்குப் பின் ஐந்தை அடைந்திருக்கிறேன். ஐந்து புதனின் எண். எனக்கு மிகவும் உகந்தது என்று தெரிகிறது. நம்பிக்கை இல்லாவிட்டாலும் குறித்து வைக்கிறேன்.

பிரமுவிடம் காட்டினேன். "அந்த அஞ்சும் இல்லாம இருந்தா இன்னும் லச்சணமா இருக்கும்" என்றாள்.

ஜனவரி 5

வேட்டியில் நிற்கவில்லை. பச்சை பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் கனம் கீழே இழுக்கிறது. தெருமுனைவரை போவதற்குள் ஒரு கை துப்பாக்கிக்கும் மறு கை வேட்டிக்கும் தேவைப்பட்டது. ஆபத்து வந்தால் கும்பிடக்கூடக் கை இல்லை. நாளையிலிருந்து பேண்ட்.

நாலு மணிக்கு இசக்கி பார்க்க ஆசைப்பட்டான். காட்டினேன். கையில் வாங்கிப் பார்க்கக் கேட்டான், மறுத்தேன். லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுப்பது குற்றம். அதுவும் யாரிடமிருந்து தற்காத்துக்கொள்ள அது எனக்கு வழங்கப்பட்டதோ அவனிடமே கொடுப்பது எப்படி?

"அட, எனக்காக வாங்குனத நானே தொடக் கூடாதா?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 23

தை முகூர்த்தம். மண்டபம் நிறைந்த கூட்டம். துப்பாக்கியுடன் வாசலில் நின்று வரவேற்றேன். சட்டைக்கு அடியில் புடைப்பு நன்றாகவே தெரிந்தது. மூன்று பேர் விசாரித்தார்கள். மூவரும் கேட்டது ஒன்றே: "குடலெறக்கமா அண்ணாச்சி? எந்த ஆஸ்பத்திரியில பெல்ட் குடுத்தாவ?"

ஒருவர் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு உரிய பாயசம் வந்தது.

பின்கட்டுக்குப் போனேன். இசக்கி ஒரு பெரிய பூசணிக்காயை ஒரே வெட்டில் பிளந்தான். இருபது ஆண்டுகளாக அவன் பூசணிக்காய் வெட்டுவதைப் பார்க்கிறேன். அந்தக் கத்தி இவ்வளவு நீளம் என்று இன்றுதான் கவனித்தேன். முதல் தகவல் அறிக்கையை வீட்டில் மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் உள்ள சொற்கள் அவனுக்குப் பொருந்தாதவை என்று சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 10

இசக்கியின் பாஸ்போர்ட் நின்றுவிட்டது. போலீஸ் விசாரணை அறிக்கையில் 'கொலை மிரட்டல் வழக்கு நிலுவையில்' என்று எழுதியிருக்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்த அதே ஏட்டுதான் எழுதினாராம்.

"மறந்தே போச்சு அண்ணாச்சி, அப்படி ஒரு கேசு இருக்கறதே. நீங்க சமாதானமாப் போறோம்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிருமாம். ஏட்டு சொன்னாரு. நாளைக்கே போவோமா? செல்விக்கு அஞ்சு மாசம் நடக்கு. போன வாரம் ரத்தம் பட்டிருக்கு. மருமவனும் வீட்டுல இல்ல. செவுத்தப் புடிச்சுக்கிட்டே போயி, கேன் தண்ணியத் தூக்கி ஊத்தியிருக்கா."

கண்டிப்பாகப் பார்ப்போம் என்றேன்.

பிப்ரவரி 11

உலகநாதனின் கருத்து: சமாதான மனு போட்டால் மிரட்டல் தீர்ந்தது என்று பொருள். மிரட்டல் தீர்ந்தால் துப்பாக்கி எதற்கு என்று ஜில்லா அலுவலகம் விளக்கம் கேட்கும். லைசென்ஸ் ரத்தாகலாம்.

"ரெண்டுல ஒண்ணுதான் அத்தான். என்னக் கேட்டா கையெழுத்துப் போட்டுட்டு அந்தச் சனியனத் தலை முழுகுங்க."

வக்கீல் தொழிலில் இவன் ஏன் முன்னுக்கு வரவில்லை என்பது புரிகிறது. கைக்கு வந்த உரிமையை எதிர்த்தரப்பின் வசதிக்காக விட்டுக்கொடு என்கிறான்.

கொஞ்சம் பொறுக்கும்படி இசக்கியிடம் சொன்னேன். பொறுத்தான். காப்பி குடிக்கவில்லை.

மார்ச் 2

உறைக்கு மெழுகு பூசினேன். நல்ல பளபளப்பு.

மார்ச் 16

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகள் அனைத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. நாடு முழுதும் கட்சிக்காரர்கள் தடியோடு திரியும் மாதத்தில்தான் ஒழுங்கான குடிமகன் தன் துப்பாக்கியைப் பிரிய வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஏட்டு ஓர் அட்டையில் பெயர் எழுதி, சாக்குநூலால் விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் கட்டி, நாட்டுத் துப்பாக்கிகளோடு சேர்த்து மூலையில் சாத்தினார். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே இவ்வளவு காலம் தவித்த எனக்கு இப்போது பூஜ்யம்.

கையெழுத்து விஷயமும் இதனால் தள்ளிப்போகிறது. இப்போது சமாதானம் என்று எழுதிக் கொடுத்தால், தேர்தல் முடிந்து வாங்கப் போகும்போது 'ஆபத்துதான் இல்லையே சார்' என்று சொல்லி அங்கேயே வைத்துக்கொள்வார்கள். துப்பாக்கி கைக்கு வந்த மறுநாள் கையெழுத்து. இதை இசக்கிக்குச் சொல்லியனுப்பினேன்.

மார்ச் 25

நண்பகலில் இசக்கி வந்தான். முன்வாசல் வழியாக. ஏற்பாட்டை மீறியது இதுவே முதல் முறை.

வீட்டில் ஆயுதம் இல்லை. நான் வெளியே போயிருப்பதாகச் சொல்லும்படி பிரமுவிடம் சொல்லிவிட்டு, சாமான் அறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தேன். தற்காப்பு நூல்கள் இதை 'மறைவிடம் தேடுதல்' என்கின்றன.

"அண்ணாச்சி இல்லையா மைனி?"

"வெளிய போயிருக்காவ."

"செருப்பு வாசல்ல கெடக்கே."

பிரமு செருப்பைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சமயோசிதம் கிடையாது.

"சரி மைனி. வந்தா சொல்லுங்க. செல்விக்கு ரெண்டாந் தடவையும் ரத்தம் பட்டுருச்சு. பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா கூட்டிட்டுப் போயி ஊசி போட்டு வந்திருக்காவ. அந்த அம்மாவும் லீவுக்கு ஊருக்கு வாராவளாம். கையெழுத்து ஒண்ணுதான். பேனாகூட நான் கொண்டாந்திருக்கேன்."

கடைசி வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னான். சாமான் அறையைப் பார்த்துச் சொன்னான் என்று நினைக்கிறேன். என்னை வேவு பார்த்திருக்கிறான். அவனைப் பற்றிய என் ஐயம் ஆதாரமற்றதல்ல.

மார்ச் 29

பிரமு நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை. வீட்டில் அமைதி. படிப்புக்கு ஏற்ற சூழல்.

ஏப்ரல் 9

பிரமு பேசினாள். "நான் போயி கையெழுத்துப் போடட்டுமா?"

"புகார் என் பேரில். நீ போட முடியாது."

"அந்த மனுசன் உங்களக் கொல்லுவாருன்னு நெசமாவே நெனைக்கீங்களா?"

"அரசாங்கம் நினைக்கிறது. தகுந்த விசாரணைக்குப் பிறகு நினைக்கிறது."

"நாலு மணிக்குக் காப்பி போட்டு வச்சுக்கிட்டு நீங்க பின்வாசலப் பாக்கீங்களே. அது எதுக்கு?"

எச்சரிக்கைக்காகத்தான். அவளிடம் அதை விளக்கவில்லை.

ஏப்ரல் 19

கள்ளிடைக்குறிச்சியிலிருந்து வந்த புது மாஸ்டரை வைத்து முதல் கல்யாணம். ரசத்தில் புளி தூக்கல். பந்தி நடந்துகொண்டிருந்தபோது இசக்கி உள்ளே வந்தான். கையில் ஒரு காகிதம், பேனா. நேராக என்னிடம் வந்தான். சவரம் செய்யாத முகம்.

"கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி."

"துப்பாக்கி வரட்டும் இசக்கி. வந்த மறுநாளே போட்டுருதேன். வாக்குன்னா வாக்கு."

"எம்மவ வயித்துல இருக்குறது அதுவரைக்கும் பொறுத்துக்கிடுமா?"

"ஓட்டு எண்ணும் நாள் தாண்டினா திருப்பிக் கொடுத்துருவாங்க. கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாரும்..."

பந்தி நின்றுவிட்டது. பரிமாறுகிறவர்களும் வாளியோடு நின்றார்கள். இசக்கி காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அன்னைக்கு நீரு எனக்காவ எழுதிக் குடுத்த மெரட்டலுக்குச் சிரிச்சுக்கிட்டே ஆமான்னு சொன்னேன்வே. இன்னைக்கு நானாச் சொல்லுதேன், கேட்டுக்கிடும். உம்மக் கொல்ல எவனுக்குவே நேரம் இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். அறுபதை நெருங்கும் வாழ்க்கையில் இசக்கி என்னை 'வே' போட்டுப் பேசியது இதுவே முதல் முறை. மரியாதை கணிசமாகக் குறைந்திருக்கிறது. என் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே கைக்குட்டை இருந்தது.

அவன் போன பிறகு பந்தி தொடர்ந்தது. ஒருவர்கூட எழுந்து என் பக்கம் வரவில்லை. இந்த ஊரைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்தில் மாற்றமில்லை.

ஏப்ரல் 20

நேற்றைய சம்பவத்தை இரண்டாவது புகாராகக் கொடுக்கலாமா என்று உலகநாதனைக் கேட்டேன். கொல்ல நேரமில்லை என்பது மிரட்டலில் சேராதாம். சட்டத்தில் எவ்வளவு ஓட்டைகள்!

ஏப்ரல் 23

ஓட்டுப் போட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் பிரமு. எனக்குத் தெரியாதவளைப்போல நின்றாள்.

மே 8

ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியைத் திரும்பப் பெற்றேன். அட்டையில் என் பெயரைத் தவறாக எழுதியிருந்தார்கள். மற்றபடி குறையில்லை. குழலில் லேசான துரு. எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஐந்து தோட்டா நிரப்பினேன்.

நாளைவரை காத்திருக்கவும் இல்லை. சொன்ன வாக்குக்கு ஒரு நாள் முன்பாகவே, உலகநாதன் தட்டச்சு செய்து வைத்திருந்த சமாதான மனுவில் கையெழுத்திட்டேன். லைசென்ஸ் போனாலும் போகட்டும் என்ற துணிவுடன்தான் போட்டேன். இப்படி விட்டுக்கொடுக்க எத்தனை பேரால் முடியும் என்று தெரியவில்லை. பிரமுவிடம் காட்டினேன். தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

எதிர்த்தரப்பின் கையெழுத்தும் வேண்டும் என்று ஏட்டு சொன்னதால் மாலையில் இசக்கி வீட்டுக்குப் போனேன். முன்வாசல் வழியாகவே போனேன். கதவு திறந்திருந்தது. வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. பந்தல் கிடையாது, ஐந்தாறு பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும். உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இசக்கி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என்ன விஷயம் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டேன்.

முந்தாநாள் மஸ்கட்டில் முத்துச்செல்விக்குக் குறைமாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. வீட்டில் அப்போது அவளைத் தவிர யாரும் இல்லை.